சமையலறைச் சுவரில் ஐந்து மணிகள்

மாமனார் வாங்கிப்போட்ட அந்தக் காலத்து வீட்டைப் புதுப்பிக்கும் வேலை மொத்தமும் மருமகள் தலையில்தான் விழுந்தது. வேலை முடிந்ததும் அச்சகத்தில் பிழை திருத்தும் பழைய உத்தியோகத்துக்கு அவள் திரும்பலாம் என்று கணவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவளுடைய நாற்காலியை மேனேஜரும் காலியாகவே வைத்திருந்தார். மாமியார்தான், தான் கூப்பிட்டால் ஓடிவர யார் இருக்கிறார்கள் என்று முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்பைச் சுரண்டும்போது ஐந்து அறைகளிலும் கட்டில் போடும் இடத்தருகே ஒரு பித்தளைப் பிடி தட்டுப்பட்டது. கொத்தனார் அதைத் தண்ணீர்க் குழாய் என்றார். எலெக்ட்ரீசியன் பழைய ஸ்விட்ச் என்று சத்தியமே செய்தார். இருவரும் பிடுங்கி எறியக் கிளம்பினார்கள்.

"இருங்கண்ணா. எதுக்குன்னு தெரியாம பிடுங்க வேணாம்."

பிழை பார்த்துப் பழகிய கண், விடுமா? பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி ஓடியது. சுவரோடு சுவராக அதைத் தொடர்ந்து போனாள். ஐந்து கம்பிகளும் சமையலறையில் வந்து முடிந்தன. அங்கே பலகைக்குப் பின்னால் ஐந்து மணிகள், கரி அப்பிக் கிடந்தன. அறையில் இழுத்தால் இங்கே அடிக்கும்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மணி கேட்டு ஓடிவர ஓர் ஆளைப் போட்டால், தான் வேலைக்குப் போய்விடலாம். அறுந்த கம்பிகளைத் தானே மாற்றினாள். மணிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வீடே வந்து வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு குரல்; எது யார் அறை மணி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிக் காட்டினாள், பாவம்.

அப்புறம் ஆள் வைக்கும் பேச்சை எடுத்தாள்.

"ஆள் எதுக்கு?" என்றான் கணவன். "அதான் மணி இருக்கே. நீ எங்க இருந்தாலும் கேட்கும்ல."

"வெளியாளுக்கு எந்த மணி யாருதுன்னு என்ன தெரியும்?" என்றாள் மாமியார். "இவளுக்குன்னா கண்ணை மூடினாலும் தெரியுது."

மாமனார் சிரித்துக்கொண்டே போய், தன் அறைப் பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் போன் செய்தார். இன்றைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அவள் வாய் திறப்பதற்குள் கீச்சென்று ஒரு மணி அடித்தது. அது ஓய்வதற்குள் தடித்த குரலில் இன்னொன்று.

"என்னம்மா சத்தம் அங்க?"

"என்னைத்தான் சார் கூப்பிடறாங்க" என்றாள். போனை வைத்தாள்.

மாமியார் அறைக்குத்தான் முதலில் ஓடினாள். ஒன்றும் வேண்டாமாம், கேட்கிறதா என்று பார்த்தாளாம்.