கூட ஒரு இஞ்ச்

தையற்காரருக்கு அடுப்பு என்றால் பால் காய்ச்சும் இடம், அவ்வளவுதான். அந்த மனுஷன் இன்று மதியம் கால் கிலோ இறாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்காத மனைவி, காலையில் கண்ணைத் திறந்து, "இறால் இருந்தா ரெண்டு திங்கலாம் போல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஒரு வாயாவது சாப்பிடாவிட்டால் கூட்டி வாருங்கள், மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழாய் போட்டால் அவள் மனசு விட்டுவிடுவாள். அதுதான் இவருக்குப் பயம்.

இறாலின் ஓட்டை உரித்துவிட்டு, ஊசி எடுக்க அவள் கட்டிலருகே இருந்த மெஷினுக்குப் போனார். அங்கே அவளுடைய சட்டை கிடந்தது. உடம்பு இளைக்க இளைக்க மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைக்கிறார். இந்த முறை உள்ளே மடிந்த மிச்சத் துணியை, இனி எதற்கு, வெட்டியே விடலாம் என்று கத்தரியும் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் ஊசியோடு திரும்பினார்.

இறாலின் முதுகைக் கீறி, உள்ளே நூலாக ஓடிய கறுப்புக் குடலை ஊசி முனையால் நெம்பி எடுத்தார். முப்பது வருஷம் தையல் பிரித்த கை. ஒரு நூல்கூட அறுந்து உள்ளே தங்கவில்லை. சிக்கல் அடுப்பில்தான்.

"வளைஞ்சா எடுத்துடுங்க மாமா. சுருண்டா போச்சு," என்று மச்சினி போனில் சொல்லியிருந்தாள்.

வளைந்தது. இவர் எடுக்கவில்லை. எதை வெட்டினாலும் கூட ஒரு இஞ்ச் விடுகிற ஆள். சரியாக வேகாமல் அந்த வயிறு தாங்காவிட்டால்? இன்னும் ஒரு நிமிஷம் கிடக்கட்டும் என்று விட்டார். போட்ட ஆறும் பொத்தான் மாதிரி சுருண்டுவிட்டன. மனைவி ஒன்றை மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், கடைசியில் துப்பிவிட்டு, "ரப்பருங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஆறுக்கும் அதே கதி. ஒன்றைத் தின்று பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மணி நான்கு. மிச்சம் ஐந்தே ஐந்து.

"அம்மாடி, என் கையாலயே அவளைப் பட்டினி போட்டுக் கொன்னுடுவேன் போலிருக்கே," என்று போனில் அழுதுவிட்டார்.

"அழாதீங்க மாமா. வளைஞ்சதும் எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தேன்... சும்மா கொஞ்சம் கூட விட்டு."

"அதானே பார்த்தேன்! இது என்ன பேன்ட்டா, கூட விட்டு வச்சு அப்புறம் பிடிச்சுக்க? ஈரத்தைத் துடைச்சிட்டுப் போடுங்க. வெள்ளையாகி வளைஞ்சதும் இறக்குங்க. அவ்வளவுதான்."

துடைத்தார். உப்பும் மிளகும் தூவினார். சட்டி நன்றாகக் காய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து, ஒரு பக்கம் சிவந்ததும் புரட்டினார். கண்ணாடியாக இருந்த சதை வெளுத்தது, முதுகு வளைந்தது. கை பழையபடி தயங்கியது. "எடுடா மடையா!" என்று தன்னையே அதட்டிக்கொண்டு சட்டியைத் தட்டில் கவிழ்த்தார்.

தட்டோடு கட்டிலருகே போய் நின்றார். அவள் கடித்தாள். விழுங்கினாள். இரண்டாவதையும் எடுத்தாள். மூன்றாவதைத் தின்று முடித்துக் களைத்துப்போய்ச் சாய்ந்தபோது, மெஷின் மேல் கிடந்த சட்டையும் கத்தரியும் அவள் கண்ணில் பட்டன.

"அந்தத் துணியை வெட்டிடாதீங்க," என்றாள். "உள்ளயே விட்டுத் தைங்க. அப்புறம் பிரிச்சு விட வேண்டி வரும்."