நூற்றிருபது கிராம்

உலையிலிருந்து உலோகம் உருக்கிய மூசையைத் தூக்கும்போதே வெள்ளைப் புகை சுருண்டு கிளம்பியது. மாசாணம் துண்டை மூக்கில் இறுக்கிக்கொண்டு கடைசி அச்சுவரை ஊற்றி முடித்தார். செம்பில் வெள்ளீயம் சேர்ந்த நல்ல கன்மெட்டல் இப்படிப் புகையாது. பதினைந்து நாளாகக் கரடியாகக் கத்தியாயிற்று. சரவணம்பட்டிக்குப் பின்னாலிருந்த அந்த வார்ப்படப் பட்டறையில் ஒருத்தருக்கும் காது கேட்கவில்லை.

அதற்குள் வேறு கதை கட்டிவிட்டார்கள். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் நூறு, பம்பு கம்பெனியிலிருந்து திரும்பி வந்திருந்தது. 2610 கிராம் இருக்க வேண்டியது ஒவ்வொன்றும் 2490.

"ஊத்தறவன் கை சும்மா இருக்குமா?" என்றான் முதலாளியின் மச்சினன். உருக்குகிற உலோகக் கட்டியை வாங்கி வருவது அவன்தான்.

அன்றிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மாசாணத்தின் சோற்றுத் தூக்குப்போசி வாசலில் தராசு ஏறியது. வெறும் போசியின் எடையை, 640 என்று, மூடியில் சிவப்புப் பெயின்டால் எழுதிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் உலை முன்னால் வெந்தவருக்கு.

இன்றைக்கு முதலாளி சென்னகிருஷ்ணனே ஆபீசுக்குக் கூப்பிட்டார். "ஒத்துக்கிட்டீங்கன்னா வேலைய உட்டு அனுப்பறதோட போச்சு. இல்லீன்னா ஸ்டேஷனுக்குத்தான் போகோணும்."

"தராச மட்டுந்தான நம்புவீங்க? அதையும் ஒரு பக்கெட் தண்ணியும் கொண்டாரச் சொல்லுங்க."

பிசிறு தேய்க்கிற மெர்சி இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் பக்கெட்டைத் தராசில் ஏற்றி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். போன வருஷத்து நல்ல இம்பெல்லர் ஒன்றை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்.

"என்ன மாசாணம், மீன் புடிக்கறியா?" மச்சினன் சிரித்தான்.

"புடிக்கறனுங்க. பெரிய மீனே சிக்கும்."

தராசு 300 காட்டியது. திரும்பி வந்ததில் ஒன்றைக் கட்டி இறக்கினார். அதுவும் 300.

"பாத்துக்குங்க. ரெண்டும் ஒரே அளவு தண்ணியத் தள்ளுது. உருப்படி ஒரு நூல் கொறையல. ஒரே அளவு, எடை மட்டும் கம்மின்னா, சரக்கே லேசு. நான் எதைங்க திருடறது?"

மச்சினன் முகம் சுண்டியது. "உள்ள காத்து அடைச்சிருக்கும் மாமா. ஊத்தறப்ப ஓட்டை உட்டிருப்பான்."

"மெர்சி, அறு கண்ணு."

வெளியே மிஷின் கிறீச்சிட்டது. இரண்டாகப் பிளந்த இம்பெல்லரை மாசாணம் மேசைமேல் டமாரென்று போட்டார். உள்ளே ஊசி குத்துகிற ஓட்டைகூட இல்லை. செம்பட்டையாக இருக்க வேண்டிய வெட்டுமுகம் மஞ்சளாகப் பல்லிளித்தது.

"பித்தளையும் ஜிங்க்கும் கலந்த கட்டிங்க, அதான் வெள்ளையாப் பொகையுது. கன்மெட்டல் வெலைக்கு வாங்கி வந்திருக்காரு உங்க மச்சினன்."

சென்னகிருஷ்ணன் மச்சினனைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கட்டி இன்னும் எத்தன கெடக்குது?"

"அரை டன் இருக்குமுங்க."

"அச்சு எடுக்கற பேட்டர்ன்ல மெழுகு தேச்சு கொஞ்சம் தடிப்பாக்கிப்போடுங்க. கம்பெனிக்காரன் எடைதான பாக்கறான். 2610 வந்துரும்."

"மோட்டார் போட்டவன் தோட்டத்துல ஒரு வருசத்துல அரிச்சுப்போகுமுங்க. நான் ஊத்தமாட்டேன்."

"அப்பப் பழைய கதைதான். நூறு உருப்படியில காணாமப்போனது பன்னெண்டு கிலோ. ஸ்டேஷன்ல உங்க பக்கெட்டையும் நூலையும் எவன் கேப்பான்?"

மெர்சி தலையைத் தூக்கவே இல்லை. பிளந்த துண்டுகளை முதலாளி தானே பொறுக்கிக்கொண்டுபோய் உலையில் எறிந்தார்.

சாயங்காலம் வாசலில் அதே தராசு இருந்தது. பக்கெட் வைத்த ஈர வட்டம் அதில் இன்னும் காயவில்லை. வாட்ச்மேன் அன்புமணி போசியை அதன்மேல் வைத்தான். 715.

"எழுவத்தஞ்சு சேத்தி இருக்குதுங்களே."

"இன்னைக்குச் சோறு எறங்கல."

"கோவிச்சுக்காதீங்கண்ணா. உத்தரவு." அன்புமணி மூடியைத் திறந்து, ஒரு கம்பியால் மிச்சச் சோற்றைக் கிளறினான்.

பின்னால் ஹாரன் அடித்தது. கம்பியைச் சோற்றிலேயே குத்திவிட்டு ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தான். டிக்கியில் ஏற்றிய பாரத்தில் பின்பக்கம் அமுங்க, மச்சினனின் கார் நிற்காமல் போனது. அன்புமணி அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, மறுபடி போசிக்கு வந்தான்.