அக்காவின் பங்கு

வட்டகொடை ஸ்டேஷனில் நிஷாந்தி அவசரமாக இறங்கினாள். கொழும்பிலிருந்து ரயிலில் வந்த வழியெல்லாம் ஒரே கேள்விதான். அக்காவின் பேர் ஒட்டிய குப்பியில் இருந்தது அக்காவின் ரத்தம் இல்லையென்றால், அது யாருடையது?

பரம்பரையாக வரும் புற்றுநோயைத்தான் அவள் பதினைந்து வருடமாக ஆராய்கிறாள். அம்மா அழகம்மா மார்புப் புற்றில் போய்ச் சேர்ந்தபோது பிடித்த வெறி அது. மஸ்கெலியா, கொத்மலை என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாக அலைந்து, ஒரே வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் ஏன் வருகிறது என்று தேடினாள். கட்டுரைகள் வந்தன, பட்டம் வந்தது, வெளிநாட்டு மேடைகளில் கைதட்டலும் வந்தது. கடைசியில், ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்த அம்மாவின் பழைய திசுவைச் சோதித்தால், ஊரெல்லாம் தேடிய மரபணுக் கோளாறு அங்கேயே இருந்தது.

போன வருடம் தன் ரத்தத்தைப் பார்த்தாள். அதில் அந்தக் கோளாறு இல்லை. அடுத்து அக்கா நாகலெட்சுமி. சொந்தக்காரர் ரத்தத்தைத் தானே எடுக்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. அதனால் உதவியாளர் ஒருவர் தோட்டத்து மருந்தகத்துக்கு வந்து எடுத்துப் போனார். அதிலும் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் இவளுக்குப் பொறுக்கவில்லை. ரத்தம் உரியவருடையதுதானா என்று சரிபார்க்கும் மீதிச் சோதனையும் முடியட்டும் என்று காத்திருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்? போனை எடுத்து, "அக்கா, உனக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்று ஓவென்று அழுதாள்.

"சரிடி, அழுவாத" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

மீதிச் சோதனை நேற்று வந்தது. கூடப்பிறந்தவர்கள் என்றால் மரபணு ஏறக்குறைய பாதி ஒத்துப்போக வேண்டும். இந்த ரத்தத்துக்கும் நிஷாந்திக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"யாரு ரத்தம்க்கா அது?" காம்பிரா அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த நாகலெட்சுமி இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "சர்மிளாது. அடுத்த காம்பிராவுல இருக்காளே, அவதான். எம் பேரச் சொல்லிக் குடுத்துட்டு வாடின்னேன். போனா."

லயத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. எந்த வரிசையில் நிற்பதானாலும், ஒருத்திக்குத் தோதுப்படாவிட்டால் இன்னொருத்தி போய் நிற்பாள். ஆனால் இதற்குமா? நிஷாந்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு என்ன பைத்தியமா? ஊசிக்குப் பயமா? நான் போன்ல அழுதப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ சந்தோசத்துல அழுவுற. அப்ப எப்புடிச் சொல்றது?" அக்கா அடுப்பில் கேத்தலை வைத்தாள். "ஊசிக்கு என்னா பயம்? தெரிஞ்சதுக்கு எதுக்கு ஊசி? வேணாம்னா நீ விட மாட்ட, அதான் அவள அனுப்புனேன். பாதிக்குப் பாதி வரும்னு நீதானே சொன்ன. அம்மாவுக்கு நாம ரெண்டு புள்ளைங்க. உனக்கு இல்லன்னு ஆயிருச்சு. அப்ப எனக்குத்தானே? அம்மா தோடு உனக்கு வந்துச்சு, இது எனக்கு. அதான் மக கல்யாணத்தையும் இந்தத் தையிலயே வச்சுட்டேன். நான் கண்ணால பாத்துரணும்ல."

நிஷாந்தி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேடை மேடையாக விளக்கியவள், சொந்த அக்காவிடம் "விளங்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடமாக அக்கா தன் சாவைத் தானே முடிவு செய்துகொண்டு, மலை ஏறி இறங்கி, போனில் இவளுக்கு ஆறுதலும் சொல்லியிருக்கிறாள். நிஷாந்திக்கு வெட்கமாகப் போனது.

"பங்கு பிரிக்கிற மாதிரி இல்லக்கா. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனி. ரெண்டு பேருக்குமே வரலாம். ரெண்டு பேருக்குமே வராமலும் போகலாம். எனக்கு இல்லங்கிறதால அது உனக்கு வந்துறாது."

கேத்தல் மூடியை எடுத்த கை எடுத்தபடியே நின்றது. "அப்ப எனக்கு இல்லாமலும் இருக்குமா?"

"இருக்கலாம்க்கா. பாத்தாதான் தெரியும்."

அதுவரை கல்லாட்டம் இருந்த அக்காவின் முகத்தில் அப்போதுதான் பயம் ஏறியது. "ஏன்டி இதச் சொன்ன? இம்புட்டு நாளு நிம்மதியா இருந்தேனே!"

நிஷாந்தி எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்தாள். கேத்தல் மூடியைக் கீழே வைத்துவிட்டு, அக்கா அந்தக் கையை இறுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு மருந்தகத்துக்கு நானே வாரேன்" என்றாள் நாகலெட்சுமி. "நீயும் கூட வந்து நில்லுடி."