பூட்டுக்குப் பூசிய குதிரைக் கொழுப்பு

"பென்சில் முனையச் சுரண்டி அந்தப் பொடியப் பூட்டுக்குள்ள போடு. பிசுக்குள்ளது எதையும் காட்டாத, குளிர்ல இறுகிடும்." உறைந்த ஆற்றின் மேல் போகும் குளிர்காலப் பாதையில் லாரி ஓட்டப் போகுமுன் கணவன் உய்பான் படித்துப் படித்துச் சொன்னான். சாய்சாரி கேட்டால்தானே. குதிரைக் கொழுப்பு பனியில் விறைக்காது என்று நம்பாதவர் சைபீரியாவின் அந்த யாக்கூத்தியச் சிற்றூரில் யாருண்டு? குழந்தைகளின் கன்னத்தில் அதைத் தடவித்தான் வெளியே அனுப்புகிறார்கள். கன்னத்துக்கு ஆனது பூட்டுக்கு ஆகாதா என்று ஒரு விரல் அள்ளித் திணித்தாள். கன்னத்துக்குள் ரத்தம் ஓடுகிறது, பூட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

இன்று காலை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. தொழுவத்தில் பசு ஈனும் நேரம். மூன்று வயது மகன் எர்ச்சிம் பின்னாலேயே ஓடிவந்துவிடுவானே என்று, அடுப்போர ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்து வெளியே மாட்டிப் பூட்டினாள். அப்போது அது கதகதப்பாக இருந்தது. அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் சாவி இம்மியும் அசையவில்லை. கோடரி வீட்டுக்குள். சன்னலோ அவள் தலைகூட நுழையாத சன்னல்.

"என்னடி, கதவோட மல்லுக்கட்டுற?" பக்கத்து வீட்டு மாத்ரியோனா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

"பூட்டு இறுகிடுச்சுக்கா. புள்ள உள்ள இருக்கான்."

"என்னத்தப் போட்ட அதுல?"

"குதிரைக் கொழுப்பு."

"ஏன், உனக்கு இருக்கிற கொழுப்பு பத்தாதா? வாயால ஊதாத, ஈரம் உறைஞ்சு இன்னும் மோசமாயிடும். எஞ்சின் சூடாக்குற ஊதுவிளக்கு வீட்ல இருக்கு, எடுத்தாரேன்." அவள் பனிமூட்டத்துக்குள் மறைந்தாள்.

கதவுக்குப் பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. "அம்மா, அதுக்குப் பசிக்குதாம்."

"எதுக்குடா தங்கம்?"

"அடுப்புக்கு. தொறந்துட்டேன்."

சாய்சாரி சாவியை மறுபடியும் முறுக்கினாள். தினமும் காலையில் நெருப்புக்குப் படையலாக முதல் அப்பத்துண்டைக் கொடுப்பவன் உய்பான். தகப்பன் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பழகியவன் எர்ச்சிம். உய்பான் போனபின் அவள் அதை மறந்தே போயிருந்தாள். பையன் போட்டிருந்ததோ முழங்காலுக்குக் கீழே தொங்கும் தகப்பனின் சட்டை.

"கிட்டப் போகாதடா. கதவுகிட்ட வா, அம்மா இங்க இருக்கேன்."

"குடுத்துட்டு வரேன்."

மாத்ரியோனாவைக் காணோம். கொழுப்பு உள்ளங்கைச் சூட்டில் உருகும், அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். இரும்பு தோலைக் கவ்வியது. முதலில் நெருப்பாய் எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மகன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எரிச்சல் நின்றது. எரிச்சல் நின்றால் சதை உறைகிறது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் கையை எடுக்கவில்லை.

ஒரு கையைத் தோல் உரியப் பிய்த்தெடுத்து, மணிக்கட்டால் சாவியை நெம்பினாள். திரும்பியது. மறுகையையும் பிய்த்துப் பூட்டை உதறிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

திறந்த அடுப்பின் முன்னே எர்ச்சிம் அப்பத்துண்டோடு குனிந்திருந்தான். சட்டை விளிம்பில் ஒரு பொறி விழுந்து கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவனை இழுத்துத் தரையில் உருட்டி, மேலே விழுந்து அணைத்தாள். அவன் வீறிட்டு அழுதான்.

"சுட்டுதாடா? எங்க சுட்டுது?"

நெற்றி, கன்னம், கழுத்து என்று வெளுத்த விரல்களால் தடவித் தடவிப் பார்த்தாள். குழந்தையின் உடம்பு சுடுகிறதா, சில்லென்று இருக்கிறதா என்று அவள் கைகளுக்குத் தெரியவில்லை.