இரண்டு பாட்டில்கள்

எங்கள் தெரு போர்வெல் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு, குடிக்க டேங்கர் லாரியை எதிர்பார்க்கிறோம். கொடுமைதான். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கேன் தண்ணீர்தான் கொடுப்போம். போர் தண்ணீர் கொடுத்தால் அவமரியாதை.

மாதாமாதம் தண்ணீர் பரிசோதனைக்கு நகராட்சியிலிருந்து இஃப்ரா வருவாள். மோட்டார் என் வீட்டை ஒட்டியிருக்கிறது. பத்து நிமிஷம் ஓடவிட்டுத்தான் சாம்பிள் பிடிக்க வேண்டுமாம். அதுவரை என்னோடு உட்கார்ந்து பேசுவாள். கணவர் போய் ஆறு வருஷமாகிறது; மகன் ஜெஃப்ரி பெங்களூரில். என் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஒரே ஆள் அவள்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஒரு முறை அவள் வந்தபோது கரண்ட் இல்லை. இரண்டு பாட்டில்களைக் கொடுத்தாள்.

"கிரேஸி ஆன்ட்டி, இது சாம்பிளுக்கு, இது எனக்குக் குடிக்க. கரண்ட் வந்ததும் புடிச்சு வைங்க. ஆம்பூர் போய்ட்டு வர்றேன்."

கரண்ட் வந்தது. கூடவே ஜெஃப்ரியின் போனும் வந்தது, மூன்று வார இடைவெளிக்குப் பிறகு. அந்தச் சந்தோஷத்தில், பேசிக்கொண்டே இரண்டையும் கேனிலிருந்தே நிரப்பிவிட்டேன்.

குடிக்க உகந்த தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. மறுநாளே லாரியை நிறுத்திவிட்டார்கள். சாம்பிளுக்கும் கேன் தண்ணீரைப் பிடித்தது அப்போதுதான் என் புத்திக்கு உறைத்தது. சொன்னால் இஃப்ராவின் வேலை போகும். வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு சங்கீதா வந்தாள். ஷூ கம்பெனியில் வேலை, கைக்குழந்தைக்காரி.

"கேன் வாங்கி கட்டுப்படியாவலக்கா. ரிப்போர்ட்தான் நல்லாக்குதே. போர் தண்ணியவே காய்ச்சிப் பால் கலக்கறேன்."

"காய்ச்சினா உப்பு போவாதுடி" என்று என் வீட்டுக் கேனைக் கொடுத்தனுப்பிவிட்டு, உடனே இஃப்ராவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"நானே புடிச்சிருக்கணும், ஆன்ட்டி. ஆபீஸ்ல சொல்லிடுங்க. குழந்தைங்க குடிக்கிற தண்ணி" என்றாள்.

சொல்லிவிட்டேன். வேறொருவர் வந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷமும் கேட்டுக்கு வெளியே போனைப் பார்த்தபடி நின்றார். நாற்காலி போட்டேன்; வேண்டாம் என்றார்.

லாரி மறுபடி வருகிறது. இஃப்ராவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவளுக்குப் போன் செய்து அழுதேன். "வேலை இல்லன்னா இன்னா, சும்மா வாயேன்" என்றேன்.

"வர்றேன், ஆன்ட்டி" என்றாள்.

மூன்று மாதமாகிறது. அவள் வேலைக்காக மட்டும்தான் வந்தாளா என்று கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?