கல்யாணச் சிவப்பு

தெசாங்கா டிராக்டர் சாவியைத் திருப்பினாள். டக் என்றது. அதோடு சரி.

"மறுபடி திருப்பு," என்றான் அவள் கணவன் ஷிவான். இடுப்பெலும்பில் அறுவை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சமையலறை ஜன்னலில் இரண்டு ஊன்றுகோல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, அங்கிருந்தே வாயால் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நாலு தரம் திருப்பியாச்சு. டக்குங்குது, படுத்துக்குது. உன்ன மாதிரியே."

"சுத்தியல எடு. ஸ்டார்ட்டர் மண்டையில ரெண்டு போடு."

"மூணு வருஷமா அதையேதான போடுறோம். புத்தி வந்துச்சா? யாருக்குன்னு கேக்காத."

நேற்று முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பிய வண்டி. முந்தாநாள் மத்தியானம்வரை அசையவில்லை. வெயிலடித்தால் ஓடும் என்று நினைத்தால் வெயிலில் மக்கர் செய்தது. ஈரத்தில் படுத்துவிடும் என்று பயந்தால் மழையில் ஓடியது. பேட்டரியை மாற்றினார்கள். சாவிப் பெட்டியை மாற்றினார்கள். ஸ்டார்ட்டரை மட்டும் நாலு தடவை கழற்றி, கோணிப்பையில் கட்டி, தெசாங்காவின் தம்பி மிலுதினிடம் கொண்டுபோனான் ஷிவான். சுற்று வட்டாரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு தடவையும் மிலுதின் அதை மேசையில் வைத்து மின்சாரம் கொடுப்பான். அது பம்பரமாகச் சுற்றும். "மச்சான், இதுல ஒண்ணுமில்ல. வண்டியக் கொண்டுவாங்க. முதல்ல எர்த்தப் பாக்கணும்," என்பான். வண்டிக்குப் பதிவுக் காகிதம் கிடையாது. தார் ரோட்டில் ஏறினால் போலீஸ் பிடிக்கும். இந்த ஊரில் பாதி டிராக்டர்கள் அப்படித்தான், வயலுக்கும் கொட்டகைக்கும் நடுவே காலந்தள்ளுகிறவை. அதனால் வண்டி போகவில்லை. பைதான் போயிற்று.

நாலாவது தடவை ஷிவானின் பிடிவாதத்துக்காகப் புதுச் செம்புக் கம்பியும் சுற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகும் வண்டி படுத்துக்கொள்ள, மாவு ஆலை வாசலில் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது ஷிவான் கத்தினான். "புதுச் செம்ப நீ தின்னுட்ட. குப்பையில கெடந்த கம்பிய எனக்குச் சுத்திக் குடுத்துட்ட!" மிலுதின் அவன் பக்கமே திரும்பவில்லை. அக்காவைப் பார்த்தான். வரிசையில் யாரோ, "நீ சொல்லும்மா, கூடப்பொறந்தவதான நீ," என்றார்கள். அந்தப் புதுக் கம்பிச் சுருளைத் தன் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, தம்பி சுற்றச் சுற்ற ஒரு மத்தியானம் முழுக்க விட்டுக்கொடுத்தவள் அவள்தான். மாவு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே, "மெஷின் சமாச்சாரம் எனக்கென்ன தெரியும்," என்றாள்.

ஆறு வார்த்தைகூட இருக்காது. மூன்று வருஷமாக அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன யோசன? அடி!" என்றான் ஷிவான்.

சுத்தியலோடு வண்டிக்கு அடியில் குனிந்தவள் கீழே சாயாமலிருக்க எதையோ பிடித்தாள். பிடித்த வேகத்தில் கையை உதறினாள்.

"என்னாச்சு?"

"சுட்டுருச்சு."

"ஓடாத இஞ்சின் எப்படிடி சுடும்?"

"இஞ்சின் இல்ல. வயரு. பேட்டரியிலருந்து வண்டி உடம்புக்கு வருதே, தடி வயரு. அது முனை கொதிக்குது."

ஷிவான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். பிறகு மெதுவாக, "எர்த்து," என்றான். "பதினேழாம் நம்பர் ஸ்பேனரு."

போல்ட் முரண்டு பிடித்து, முனகி, வெளியே வந்தது. வயரின் முனையை விலக்கினாள். அடியில், ஒரு காசு அகலத்துக்குச் சிவப்பு. வண்டி முழுக்க வெளிறி, பொரிந்து, துருவோடு துருவாகப் போயிருக்க, அந்த வட்டம் மட்டும் அன்று அடித்த பெயிண்ட் போலப் பளபளவென்றிருந்தது. போல்ட் துளையின் விளிம்பில் மட்டும் மயிரிழையாகக் கருகியிருந்தது. பெயிண்ட் மின்சாரத்தை விடாது; இத்தனை நாளும் அது அந்த மயிரிழையில்தான் போய்வந்திருக்கிறது. இழை ஒட்டினால் ஓடியிருக்கிறது, ஒட்டாவிட்டால் டக்.

அந்தச் சிவப்பை அடித்தது அவள்தான். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை வைக்கோல் வண்டியில் இழுத்துவர, நாலு நாள் உட்கார்ந்து டிராக்டரைப் புதுசாக்கினாள். எல்லோரும் வயரைச் சுற்றித்தான் பூசுவார்கள். அவள் அப்படிச் செய்கிறவளில்லை. வயரைக் கழற்றி, அடியிலும் ஒழுங்காக இரண்டு பூச்சுப் பூசி, காயவைத்து, அதன்மேல் வயரை வைத்து முறுக்கினாள்.

கத்தியால் சுரண்டினாள். வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, வயரை மாட்டி, சாவியைத் திருப்பினாள். கிளம்பியது. அணைத்தாள், திருப்பினாள், கிளம்பியது. பத்துத் தடவை. பத்தாவது தடவை அழுதுகொண்டிருந்தாள்.

"விடு," என்றான் ஷிவான். "நல்ல காலம், கண்டுபிடிச்சோம். மழைக்கு முன்னாடி சோளத்தக் கொண்டாந்துரலாம். இது உனக்கும் எனக்கும்தான தெரியும்."

"இன்னைக்கு என்ன நாளு?"

அவனுக்குத் தெரியும். மித்ரி புனிதர் நாள். அவள் பிறந்த வீட்டின் குலப் புனிதருக்கு விளக்கேற்றுகிற நாள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவரை வாசலில் நிறுத்துவதுமில்லை. மூன்று வருஷமாக அவள் போகவில்லை.

"போறதுன்னா போ. சாப்பிடு, வா. இதப் பேசாத. மூணு வருஷம் கழிச்சு என்னத்துக்கு?"

"ஆலை வாசல்ல நாம மெதுவாவா பேசுனோம்?"

"நாமன்னு ஏன் சொல்ற? நான்தான் கத்துனேன்."

"நீ தெரியாமக் கத்துன. நான் தெரிஞ்சு சும்மா இருந்தேன்."

தலையில் துணியை முடிந்துகொண்டு டிராக்டரில் ஏறினாள். "அடியே, காகிதம் இல்லாத வண்டி! தார் ரோடு!" என்று அவன் கத்தினான். "புடிக்கட்டும்," என்றாள்.

யாரும் பிடிக்கவில்லை. தம்பி வீட்டு வாசலில் நிறுத்தினாள். இவ்வளவு ஆனபிறகும் இஞ்சினை அணைக்கக் கை வரவில்லை, ஓடவிட்டே இறங்கினாள்.

உள்ளே மேசை நிறைய ஆட்கள். ஆலை வரிசையில் நின்றவர்களில் மூன்று பேரையாவது அடையாளம் தெரிந்தது. விருந்து வைக்கிற வீட்டுக்காரன் இன்று உட்காரக் கூடாது என்பதால் மிலுதின் நின்றுகொண்டு எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் மனைவி ராத்மிலா ஒன்றும் கேட்காமல், அவித்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். வந்தவர் முதலில் அதைத்தான் வாயில் போடவேண்டும். தெசாங்கா கரண்டியை எடுக்கவில்லை.

"வண்டி எர்த்து வயருக்கு அடியில நான்தான் பெயிண்ட் அடிச்சேன்," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "இன்னைக்குத்தான் பாத்தேன். நீ சுத்துனது புதுச் செம்பு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மிலுதின் ஊற்றுவதை நிறுத்திப் பாட்டிலை நிமிர்த்தினான்.

"எத்தன பூச்சு?" என்றான் மிலுதின்.

"ரெண்டு."

"எதுக்குக்கா அடியிலயும்?"

"அழகா இருக்கணும்னு."

அவன் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். "அன்னைக்கப்புறம் மூணு மாசம் ஒருத்தரும் மோட்டார் கொண்டாரல," என்றான். "சுத்துற மிஷினப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். இப்பத் தீவனக் கம்பெனியில காவலுக்குப் போறேன். தெரியுமில்ல?"

"தெரியும்டா."

"சாப்பிடு," என்றான். அவளைக் கடந்து, விருந்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலுக்கு இறங்கிப்போனான்.

அவள் கோதுமையை வாயில் போட்டாள். ஜன்னல் வழியாக, அவன் டிராக்டர் பக்கத்தில் குந்தி, சுரண்டிய இடத்தைப் பெருவிரலால் தடவுவது தெரிந்தது. பிறகு எழுந்து ஏறி, இருக்கையில் உட்கார்ந்தான். வீட்டுக்காரன் உட்கார்ந்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்துகிற பிடியை இழுத்து இஞ்சினை அணைத்தான். அதுவரை கேட்காத தெருவெல்லாம் கேட்டது. வண்டி மறுபடி கிளம்புகிறதா என்று மேசையில் எல்லோரும் கிளாசைப் பிடித்த கையோடு காத்திருந்தார்கள். அவன் கை சாவியின் மேல் இருந்தது. திருப்பவில்லை.