ஈரமண் சட்டி ஏறிய மோட்டார்

பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த இப்றாஹீம் எதையும் தொடங்குவான், எதையும் முடிக்கமாட்டான் என்பது ஹல்துமுல்லை வரைக்கும் பரவிய செய்தி. அந்த ஊர்க் கடைக்காரர் ஸஹாப்தீனின் மகள் மர்லியாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது பதில் இப்படி வந்தது: "அந்தப் பொடியன் ஒரு வேலையையாவது முடிச்சுக் காட்டட்டும். பிறகு நிக்காஹ்வுக்கு நாள் பாப்பம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருடம் அது. கொழும்பிலிருந்து காற்றில் வரும் பாட்டைப் பிடித்துத் தரும் ரேடியோப் பெட்டியை மோட்டார் காரில் பூட்டி, வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஸஹாப்தீன் வாசலிலேயே பாட வைப்பதாக இப்றாஹீம் சொல்லி அனுப்பினான்.

காரோட்டி முருகையா முன்பு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவன். இருவருமாகக் காரின் அடிப்பலகையில் துளை போட்டு, முன்சீட்டின் அடியில் இருந்த பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இரண்டைப் பின்சீட்டுக்கு இழுத்தார்கள். பெட்டிக்குள் கண்ணாடிக் குமிழ்கள் சிவந்தன. ஆனால் எஞ்சின் ஓடும்போது கடுகு பொரிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. எஞ்சினை நிறுத்தினால் பேட்டரி கரைந்தது.

"காரு ஓடினா பாட்டு ஓடாதுங்க. பாட்டு ஓடினா கொஞ்ச நேரத்துல காரு ஓடாதுங்க" என்றான் முருகையா.

"ரெண்டும் ஒரே நேரத்தில ஓடவேணும்னு யார் சொன்னது? அங்க போய் நிறுத்திட்டுத்தானே பாட வைக்கிறோம்."

இன்னொரு சிக்கல், எஞ்சினை நிறுத்தினாலும் பெட்டி உறுமியதே தவிரப் பாட்டு தெளிவாக வரவில்லை. அதற்குப் பெட்டி விற்ற கொழும்புக் கடைக்காரர் எழுதிய கடிதத்தில் வழி இருந்தது. 'எர்த் கம்பியை ஈரமண்ணில் புதைக்கவும்' என்று ஒரு வரி. இப்றாஹீம் அதை மூன்று முறை வாசித்தான். பிறகு ஒரு பெரிய சட்டி நிறைய மண் அள்ளி, தண்ணீர் தெளித்து, கம்பியை அதில் புதைத்து, பின்சீட்டில் ஏற்றி வைத்தான்.

"நம்ம ஊரு மண்ணு அங்க செல்லுங்களா மொதலாளி?" என்று முருகையா கேட்டான். இப்றாஹீம் முறைத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹல்துமுல்லையில் கார் நின்றதும் ஊரே சூழ்ந்துகொண்டது. ஸஹாப்தீன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவர் மனைவி ஜெனீராவும் மர்லியாவும் நின்றார்கள். காற்றில் வரும் பாட்டைப் பிடிக்க முருகையா பாக்கு மரத்தின் மேல் ஒரு கம்பியை வீசிக் கட்டினான். இப்றாஹீம் திருகினான். பெட்டி உறுமியது, பேசவில்லை. கால்மணி நேரம் போயிற்று.

ஸஹாப்தீன் எழுந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சட்டியில என்ன தம்பி, கத்தரிக் கண்டா நட்டிருக்கீங்க?"

"எர்த், மாமா. ஈரமண்ணில புதைக்கச் சொல்லி எழுதியிருக்கு."

"ஈரமண் எங்கேருந்து?"

"பண்டாரவளையிலிருந்து."

"ஏன், ஹல்துமுல்லையில மண் கிடைக்காதா?"

கூட்டம் சிரித்தது. இப்றாஹீமின் முகம் சிவந்தது. ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் அவனுக்கு விஷயம் உறைத்துவிட்டது. சட்டி காரில், கார் ரப்பர்ச் சக்கரத்தில். தரையோடு சேரவேண்டிய கம்பி ஒருபோதும் தரையைத் தொடவே இல்லை. கூட்டத்தில் ஒருவரிடம் கடப்பாரை வாங்கி, வாசலோர ஓடையின் ஈரத்தில் தானே அறைந்தான், சட்டியிலிருந்த கம்பியை உருவி அதில் சுற்றினான். பெட்டியின் வாயிலிருந்து ஓர் ஆங்கிலேயர் கனைத்தார்.

"தொர வேலை பிரிக்கப் பெரட்டுக்குக் கூப்பிடுறாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள். அடுத்து பியானோ வந்தது. கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது.

முருகையா இப்றாஹீமின் காதருகே குனிந்தான். "போதும் மொதலாளி. இன்னும் பாடினா காரு கெளம்பாது."

பெட்டியை நிறுத்த இப்றாஹீமின் கை திருகை நோக்கிப் போனது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து, "உம்மா, இன்னொண்ணு பாடச் சொல்லுங்களேன்" என்று ஒரு குரல். கை நின்றது. இன்னொன்று, அதற்குப் பின் இன்னொன்று. குமிழ்கள் மங்கி அணையும்வரை பெட்டி பாடியது.

கார் கிளம்பவில்லை. முருகையா வேர்க்க வேர்க்க ஹேண்டில் போட்டுச் சுற்றினான். திரும்பிப் போகும் பாதை பெரகல ஊர் வரை ஏற்றம், தள்ளவும் வழியில்லை.

"பாட்டை முடிச்சிட்டீங்க" என்றார் ஸஹாப்தீன். "பயணம் பாதியில நிக்குதே. இதை முடிச்ச வேலையில சேர்க்கிறதா, முடியாத வேலையில சேர்க்கிறதா?"

இப்றாஹீம் போய் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். கடைசியில் ஸஹாப்தீனே தம் வண்டிமாடுகளை அவிழ்த்து வந்து காரின் முன்னால் கட்டினார், கயிற்றைப் பிடித்து நடந்தார். பின்னால் பாதி ஊர் சிரித்தபடி வந்தது.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த தோட்டத்துப் பெரியாயி வாயைப் பிளந்து நின்றாள். "என்னங்க மொதலாளி, ஒங்க மாட்டக் கட்டி, ஊரக் கூட்டி, ஒங்க வீட்டு மாப்பிள்ள ஊர்வலமா? சொல்லவே இல்லீங்களே!"

ஸஹாப்தீன் திரும்பினார். மாடுகளைப் பார்த்தார், பின்னால் வந்த ஊரைப் பார்த்தார். தோளைக் குலுக்கினார்.

"ஆமா பெரியாயி. நாள் இன்னும் குறிக்கல்ல. குறிச்சதும் சொல்லி அனுப்புறன்."

பிறகு காரின் பக்கம் குரல் கொடுத்தார். "மாப்பிள்ள, வாயை மூடிட்டு ஸ்டீரிங்கை நேராப் பிடிங்க. மாடு ஓடைக்குள்ள இறங்கப் போகுது."